உம்சின்டோ ஊர்ப் பிக்னிக்

எங்கள் டோர்செட் பார்க் கட்டடத்தில் ஊர் இல்லாத மனிதர் ஒரேயொருவர்தான் இருந்தார். மற்ற எல்லாருக்கும் யாழ்ப்பாணத்தில் ஓர் ஊர், ரொறன்ரோவில் அதற்கொரு சங்கம், கோடை வந்தால் அந்தச் சங்கத்துக்கு ஒரு பிக்னிக். ஆட்டிறைச்சிக் கறியும் கயிறிழுத்தலும் இல்லாத கோடை ஞாயிற்றுக்கிழமையை அந்த வயதில் நான் கண்டதாக ஞாபகமே இல்லை.

எதிர்வீட்டு அங்கிள் தென்னாபிரிக்காவிலிருந்து வந்தவர். பூட்டன் காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலேறிய தமிழ்க் குடும்பம். பார்த்தால் எங்கள் பெரியப்பா மாதிரியே இருப்பார். வாயைத் திறந்தால் முழுக்க ஆங்கிலம். தனியாக இருக்கிறாரே என்று அப்பா அவரையும் எங்கள் ஊர்ப் பிக்னிக்குக் கூட்டிப்போனார். யாரைக் கண்டாலும் எந்த ஊர் என்று கேட்கும் சங்கச் செயலாளர் இவரையும் விடவில்லை. உம்சின்டோ என்றார் அங்கிள்.

“உது எங்கை, வடமராட்சிப் பக்கமோ?”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அங்கிளும் சிரித்தார். ஆனால் கயிறிழுக்க ஆசைப்பட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தவரிடம், “குறை நினையாதேங்கோ அண்ணை, எங்கடை ஊர் ஆக்கள் மட்டும்தான்” என்றார் செயலாளர். அப்பா மொழிபெயர்க்கும் முன்பே அங்கிளுக்கு விளங்கிவிட்டது. மடித்த கையை மெல்ல இறக்கிவிட்டார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! வீடு திரும்பும் வழியிலேயே, உங்கள் ஊருக்கும் பிக்னிக் வைப்போம், ஆட்களை நான் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஊர் ஆக்கள் ஆவதென்றால் ஊரைத் தெரிய வேண்டாமா? கட்டடத்துப் பிள்ளைகளையெல்லாம் பின்னேரங்களில் அவர் வீட்டுக்கு ஊர்க்கதை கேட்க இழுத்துப் போனேன். சீனி ஆலையின் உயர்ந்த புகைபோக்கி. பையன்கள் குதித்து இறங்கி, கரும்பு முறித்துக்கொண்டு மறுபடி ஏறும் அளவுக்கு மெல்லப் போகும் குட்டி ரயில். சமையலறைக்குள் நுழைந்து வாழைப்பழம் திருடும் குரங்குகள், அம்மன் கோயில் தீமிதிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே கடல்! சாளை மீன் கூட்டம் வரும் பருவத்தில் கடலே கொதிப்பதுபோல் இருக்குமாம். கொஞ்ச நாளிலேயே எங்களுக்கு உம்சின்டோ தலைகீழ்ப் பாடம்.

பிக்னிக் நாள் வந்தது. ஏரிக்கரைப் பூங்காவில் ஊர்ப் பெயர் எழுதிய துணியைக் கட்டிவிட்டு, அங்கிள், அப்பா, நான் மூன்று பேரும் காத்திருந்தோம். ஒரு குருவியும் வரவில்லை. அங்கிள் கறிச் சட்டியைத் திறந்து பார்ப்பார், மூடுவார். நான் தெருவரைக்கும் ஓடி ஓடி எட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒரு பஸ் வந்து நின்றது. முதலில் அம்மா இறங்கினார். அவருக்குப் பின்னால் கட்டடமே இறங்கியது. செயலாளர்கூட வந்திருந்தார்!

“ஐயோ, பாணைத் தோண்டி அதுக்குள்ளை கறியை ஊத்திறதோ!” என்று, அங்கிள் தன் ஊர் வழக்கப்படி ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தந்ததைக் கண்டு வாயில் கைவைத்த அம்மா, இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கயிற்றை விரித்ததும் செயலாளர் ஆசையோடு வந்தார். இதற்காகத்தானே காத்திருந்தேன்!

“உம்சின்டோ ஆக்கள் மட்டும்தான்!” என்று கத்தினேன்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. ஓடிவந்து கயிற்றை எடுத்துச் செயலாளரின் கையில் வைத்து, இங்கே எல்லாரும் பிடிக்கலாம் என்றார்.

“அப்ப இண்டைக்கு நானும் உம்சின்டோதான்!” என்று இழுத்த செயலாளர் புல்லில் மல்லாக்க விழ, பூங்காவே சிரித்தது. நான் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு எல்லாரும் தண்ணீருக்கு ஓடினோம். அங்கிள் மணலில் கால் வைக்காமல், கரையிலிருந்த அறிவிப்புப் பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். என்னையும் வாசிக்கச் சொன்னார். நாயைக் கட்டிவைக்க வேண்டும், குப்பை போடக்கூடாது என்றேன். வேறொன்றும் இல்லையா என்று கேட்டார். இல்லையே என்றேன். உங்கள் கடலில் நீங்கள் குளித்ததே இல்லையா என்றதற்கு, கரும்புத் தோட்ட மேட்டிலிருந்து பார்த்திருக்கிறேன் என்றார்.

கடல் பக்கத்தில் பிறந்தும் தண்ணீருக்குப் பயந்த மனிதர் என்று வெகுகாலம் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் திரிந்தேன். அவர் ஊர்ப் பக்கத்துக் கடற்கரைப் பலகைகளில் ‘வெள்ளையர் மட்டும்’ என்று எழுதியிருந்ததை அவர் எங்களுக்குச் சொல்லவேயில்லை.

அன்றைக்கு அவர் காற்சட்டையோடு ஏரிக்குள் இறங்கி, ஓவென்று கத்திக்கொண்டு தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார். பயப்படாதீர்கள் அங்கிள், இங்கே ஆழமில்லை என்று நான் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.