ஸ்பிரிங்கில் ஒரு கோடு

எங்கள் ஊர் தங்க வயலில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில், மீன்காரம்மா மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அன்று எனக்கு வார லீவு. பெங்களூரில், நாற்பது ஐம்பது பேர் போகிற சின்ன விமானங்களைப் பழுது பார்க்கும் ஹாங்கரில் நான் டெக்னீஷியன். அழைத்தவர் எங்கள் ஷிஃப்ட் இன்ஜினியர். லீவு நாளில் ஒருபோதும் அழைக்காத மனிதர்.

"நேத்து இடது பக்க சக்கரத்துக்கு கிரீஸ் வெச்சு செக் பண்ணது நீதானேம்மா?"

"ஆமா சார்."

"அந்த விமானம் இப்ப இறங்க முடியாம மேல சுத்திக்கிட்டிருக்கு. இடது சக்கரத்தோட கால் கீழ வருது, லாக் ஆக மாட்டேங்குது. நேத்து ஏதாச்சும் பாத்தியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க வேண்டியதே இல்லை. பார்த்திருந்தேன்.

சக்கரத்தின் கால் இறங்கியதும் மறுபடி மடங்கிவிடாதபடி பூட்டை இழுத்துப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங்குகள் உண்டு. முந்தின நாள், அதில் முன்பக்க ஸ்பிரிங்கின் கொக்கி வளைவில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தேன். தட்டுப்பட்ட மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அதை எழுதினால் விமானத்தை நிறுத்த வேண்டும், ஸ்பிரிங்கைக் கழற்றிச் சோதிக்க வேண்டும், தங்க வயலுக்கு வரும் என் ரயில் போய்விடும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு. வெறும் கீறல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'சரியாக உள்ளது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

"இன்னா கண்ணு, தலை வேணுமா வேணாமா?" என்றார் மீன்காரம்மா. நான் விலகிப் போய்ச் சுவரோரமாக நின்றேன்.

"சார், முன்பக்க ஸ்பிரிங்குல ஒரு கோடு இருந்துது. கொக்கியாண்ட. கீறல்னு நெனச்சிட்டேன். எழுதல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணு இழுக்கணுமே?"

"உடைஞ்ச துண்டு இடுக்குல மாட்டிக்கினு இருக்கும் சார். விமானத்த ஒரு பக்கமா சறுக்க வெச்சா, காத்து அந்தக் காலைத் தள்ளும். விடுபட்டாலும் விடுபடும்."

"விமானிக்குச் சொல்லிப் பாக்கறேன்." வைத்துவிட்டார்.

மீனை வாங்காமலேயே ஆட்டோவில் ஏறினேன். நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"எத்தினி பேரு கீறாங்க அதுல?"

"தெரியலம்மா. எப்பவும் நாப்பது பேருக்குக் கொறையாது."

அம்மா ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தார். சுரங்கத்தில் பாறை சரிந்த ஒரு நாள், அப்பாவுக்காக ஆட்களை இறக்கும் ஷாஃப்ட் வாசலில் காத்து நின்றவர் அவர். 'ஒன்னும் ஆகாது' என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லமாட்டாரா என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியரின் போன் பிஸியாகவே இருந்தது. எரிபொருள் தீரும்வரை சுற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குள் எத்தனை முறை அழைத்தேனோ. உள்ளே இருப்பவர்களிடம் குனிந்து தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். குழந்தைகள் இருக்குமா? மறுபடி இன்ஜினியரின் நம்பரை அழுத்தினேன்.

கடைசியில் அவரே கூப்பிட்டார். "இறங்கிடுச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல."

சறுக்கிப் பார்த்தும் பூட்டு விழவில்லை. விமானி வலது சக்கரத்தில் இறக்கி, முடிந்தவரை ஓட்டியிருக்கிறார். வேகம் குறைந்ததும் இடது கால் மடங்கி, இறக்கை தரையில் உரசியது. அவசரமாக வெளியே குதித்ததில் ஒரு அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

மறுநாள் ஹாங்கரில் இன்ஜினியர் என்னைத் தனியாக அழைத்தார். "அந்தக் கோடு விஷயம் உனக்கும் எனக்கும்தான் தெரியும். 'எதுவும் தெரியவில்லை'ன்னு எழுதிக் குடு. உன் சம்பளத்துலதானே உங்க வீடு ஓடுது?"

"அதே ஸ்பிரிங் மத்த விமானத்துலயும் கீது சார்."

நான் பார்த்ததையும், எழுதாததையும், ரயிலையும் எழுதிக் கொடுத்தேன். அன்றே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

சில நாள் கழித்து இன்ஜினியர் போன் செய்தார். இன்னொரு விமானத்தின் ஸ்பிரிங்கிலும், அதே இடத்தில், அதே மாதிரி கோடு. கழற்றிவிட்டார்களாம். "நீ எழுதலைன்னா அதுவும் பறந்திருக்கும்" என்றார், ஆறுதலாக.

"கோடு தெளிவா தெரிஞ்சுதா சார்?"

"டார்ச் அடிச்சா தெரியுதும்மா."

கையெழுத்துப் போடும் அதிகாரத்தை ரத்து செய்த கடிதம் அடுத்த மாதம் வந்தது. இடுப்பெலும்பு முறிந்த அந்த அம்மாளைப் பார்க்க ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசல்வரை போனேன். உள்ளே போய் என்னை யார் என்று சொல்வது? திரும்பிவிட்டேன்.