ஒருநாள் விட்டு ஒருநாள்

தனலெட்சுமிக்கு ரப்பர் மரத்தோடு இருபத்தாறு வருஷப் பழக்கம். கடல் பிராணிகளோடு பழக்கம் பதினோரு மாதம்தான். இரண்டுக்கும் ஒரே சட்டம் என்று அவள் பாட்டுக்கு நினைத்துக்கொண்டதில்தான் வினை வந்தது.

மலேசியாவில் லுக்குட் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த தோட்டத்தில் அவள் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டார்கள். அதன் பிறகு போர்ட்டிக்சன் கடற்கரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொட்டி கழுவும் வேலை கிடைத்தது. வருஷ ஒப்பந்தம். இந்த மாதக் கடைசியில் அதைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் டாக்டர் எலெய்ன். சிரம்பான்காரர், நாற்பது வயது. தமிழ் நன்றாகப் பேசுவார். வேலை மும்முரத்தில் எந்த மொழியும் பேசமாட்டார்.

எலெய்ன் வளர்த்தது ஐந்து கைக் கடல் நட்சத்திரங்கள். உடம்பு இருபது காசு நாணயத்தின் அளவு. கைகள் மட்டும் நீளமாக நெளியும், அழுத்திப் பிடித்தால் ஒடிந்து கையோடு வந்துவிடும். இருட்டறையில் வைத்து ஒரு சொட்டு மருந்து விட்டால் அந்தக் கைகள் பச்சையாக மின்னும். எவ்வளவு மின்னியது என்று கருவி எண்ணில் காட்டும். மருந்தின் பெயர் அசிட்டைல்கோலின். நம் நரம்பு தசையைப் பார்த்து ‘அசை’ என்று சொல்ல அனுப்புகிற அதே சரக்கு, இந்தப் பிராணியிடம் போய் ‘எரி’ என்கிறது.

முதல் நாள் எலெய்ன் இதை விளக்கியபோது தனலெட்சுமி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள்.

“அப்ப என் கையிலயும் அதுதான் ஓடுதா டாக்டர்?”

“அதேதான்க்கா.”

“எரியலையே.”

“உங்க கைக்கு அந்த வேலை இல்ல.”

இருக்கிற வேலையே போதும் என்று தனலெட்சுமி தொட்டி கழுவப் போய்விட்டாள்.

சோதனை இதுதான். பன்னிரண்டு டப்பா, பன்னிரண்டு நட்சத்திரம். தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு, இருபது நாளைக்கு. நாளாக ஆக வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். நம்பரை டப்பாவின் மூடியில்தான் எழுதியிருந்தார்கள். நட்சத்திரத்தின் முதுகில் எழுத இடமில்லை.

டப்பாவுக்குத் தண்ணீர் மாற்றுவது தனலெட்சுமி. இரண்டாம் நாள் காலை வந்து பார்த்தாள். நேற்று எரிந்தவை மூலையில் சுருண்டு கிடந்தன. பக்கத்துத் தொட்டியில் இன்னொரு பன்னிரண்டு, வேலைவெட்டி இல்லாமல். நேற்று வெட்டிய மரத்தை இன்றைக்கும் வெட்டினால் தோட்டத்தில் மேற்பார்க்கிற மண்டோர் சும்மா விடமாட்டார். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது எல்லார் முன்னாலும் நிற்கவைத்து மானத்தை வாங்கிவிடுவார். ஒருநாள் வெட்டினால் மறுநாள் மரம் சும்மா நிற்க வேண்டும். தனலெட்சுமி சுருண்டதைத் தொட்டியில் விட்டு, சும்மா இருந்ததை டப்பாவில் போட்டாள். மறுநாள் திரும்ப மாற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. மரம் மாற்றி வெட்டுவதை எவள் போய்த் துரையிடம் சொல்வாள்?

எண்கள் குறையவே இல்லை. எலெய்ன் முதலில் கருவியைச் சந்தேகப்பட்டார், பிறகு மருந்தை. அதற்குப் பிறகு சந்தோஷப்பட ஆரம்பித்துவிட்டார்; சந்தோஷம் வந்தபின் சந்தேகத்துக்கு எங்கே இடம்? பத்தொன்பதாம் நாள் மதியம், மீ கோரிங் பொட்டலத்தோடு தனலெட்சுமியின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“இதுங்களுக்குக் களைப்பே இல்லக்கா. தினமும் எரியவெச்சா குறையும்னுதான் எல்லாரும் எழுதியிருக்காங்க. நம்ம ஊருது குறையல. வெள்ளிக்கிழமை கே.எல். மாநாட்டுல முந்நூறு பேர் முன்னால சொல்லப்போறேன்.”

தனலெட்சுமி கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். தான் செய்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. சொன்னால் மாதக் கடைசியில் வேலை போகும். ஐம்பத்திரண்டு வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் பின்னால் ஒருநாள் யாராவது கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு இந்த எலெய்னைப் பெரட்டில் நிற்கவைப்பார்கள். தனலெட்சுமி ஒருமுறை அப்படி நின்றிருக்கிறாள்.

சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு எலெய்னின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். எலெய்ன் பேனாவை மூடி வைத்தார்.

“யாரக் கேட்டு மாத்துனீங்க?”

“யாரயும் கேக்கல டாக்டர். மரம் மாத்தி வெட்டறதுக்கு யாரும் கேக்க மாட்டாங்க லா.”

“இது மரமாக்கா?”

“இல்ல.”

எலெய்ன் எழுந்து போய் இருபத்துநாலையும் ஒரே தட்டில் கொட்டினார். “எது எதுன்னு பிரிங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கோபத்தில் செய்த காரியம். திரும்பி வந்தபோது தனலெட்சுமி பிரித்து முடித்திருந்தாள். நானூறு மரத்தை முகம் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தவளுக்கு இருபத்துநாலு பெரிதில்லை. இதற்கு மூன்றாம் கை குட்டை, ஒற்றைப்படை நாள். இதற்கு முதுகில் புள்ளி, இரட்டைப்படை நாள். எலெய்ன் முதல் நாள் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பன்னிரண்டும் சரியாக இருந்தன. கோலாலம்பூருக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை பேசவில்லை என்று சொன்னார். பத்தொன்பது நாள் எண்களையும் எடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் எரிந்த கணக்காக மாற்றி எழுதினார். தினமும் எரிகிற சோதனையை முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

மாதக் கடைசியில் எலெய்ன் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள் இருந்தன. தனலெட்சுமி உட்காரவில்லை. ஒப்பந்தத்தில் எலெய்ன் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“ஒரு வாரம் லீவு. சம்பளத்தோடதான். புதுசா பன்னிரண்டு எடுத்து, தினமும் எரியவைக்கப்போறேன்; குறையுதா இல்லையான்னு ஒரு வாரத்துல தெரிஞ்சிடும். நீங்க இருந்தா அது நடக்காது.”

“சரி டாக்டர்.”

“தோட்டத்தில மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் லீவு. உங்களுக்கு?”

“எனக்கு எங்க லீவு? இன்னிக்கு இந்த நிரை, மறுநாள் அந்த நிரை.”

எலெய்ன் தாளைத் திரும்ப வாங்கினார். ஒரு வாரம் என்றிருந்ததை அடித்து, இரண்டு என்று எழுதினார்.

“அதுங்களுக்கு?” என்று தனலெட்சுமி கேட்டாள்.

“அதுங்களுக்கு இல்லக்கா. தினமும்.”

லீவுக்கு முன் கடைசியாக ஒருமுறை அவள் பன்னிரண்டு டப்பாவுக்கும் தண்ணீர் மாற்றிவிட்டுப் புறப்பட்டாள். லுக்குட் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன.