வாய்க்கால் ஓரத்துச் செடி

கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் வீரமணி. விவசாயம் படித்தவன். வேளாண் துறையின் ஒப்பந்த வேலையில் சிறுவாச்சூர் பக்கம் பன்னிரண்டு ஊர் மக்காச்சோளம் அவன் பொறுப்பு. விவசாயிகள் பயிரைப் போட்டோ எடுத்துச் செயலியில் அனுப்பினால் கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லும். போனில் பச்சை வந்தால் பயமில்லை, சிவப்பு வந்தால் மருந்தடிக்க வேண்டும். அந்தச் செயலியை வீடு வீடாகப் போய் ஏற்றிக் கொடுத்தவனும் அவன்தான்.

ஒன்றுவிட்ட மாமா ராசாங்கத்தின் இரண்டு ஏக்கரில் இறங்கி ஒரு குருத்தைப் பிரித்தான். ஈர மரத்தூள் மாதிரி எச்சம், நடுவே படைப்புழு. பத்துச் செடி பார்த்தான். ஆறில் இருந்தது.

"இன்னைக்குச் சாயங்காலமே அடிச்சிடுங்க மாமா."

ராசாங்கம் போனை நீட்டினார். பச்சை.

"நீ வெறுங்கண்ணால பாக்குற. அது கம்ப்யூட்டரு."

"புழு கையில இருக்கே மாமா."

"எந்தக் காட்டுலடா புழு இல்ல? படிச்சவன்னா எல்லாத்துக்கும் மருந்துதானா?"

போன வருசம் பருத்திக்குச் சிவப்பு வந்தபோது, "இந்த டப்பாவுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டவரும் இவர்தான். இந்தத் தடவையோ மறுநாளே கொழுந்தியா வீட்டில் காதுகுத்து. பச்சை அவருக்கு வசதியாக வந்து சேர்ந்தது.

வீரமணி ஆபீசுக்குப் போன் போட்டான். "சிஸ்டத்துல பச்சைதானப்பா இருக்கு. நீ பாத்தேங்கிறத நான் எதுல ஏத்துறது?" என்றார் அதிகாரி. நாலு வருசப் படிப்புக்கு அந்தச் செயலியில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். காடு சல்லடையாகக் கிடந்தது. அத்தை பாப்பாயி வரப்பிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உன் போனு எங்களக் கவுத்துடுச்சு தம்பி."

அவன் செயலியில் பச்சை வந்த பழைய போட்டோவைத் திறந்தான். ஆள் உயரத்தில் மினுமினுவென்று ஒரு செடி.

"இது எங்க இருக்கு அத்தை?"

"வாய்க்கா ஓரத்துல. காட்டுலயே அதான் லட்சணமா வந்த செடி."

"அத ஏன் எடுத்தீங்க?"

"பின்ன? ஆபீசுல நாலு பேரு பாக்குற போட்டோ. நோஞ்சானையா காட்டுவாங்க? காடு வச்சிருக்கிற லட்சணத்தப் பாருன்னு சிரிக்க மாட்டாங்க?"

வீரமணி மற்ற ஊர்ப் படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். எல்லாம் மாப்பிள்ளை மாதிரி நிற்கும் செடிகள். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. காட்டியதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. ஏற்றிக் கொடுத்தபோது எந்தச் செடியை எடுக்க வேண்டும் என்று இவனும் சொல்லவில்லை. யாராவது நல்ல செடியைத் தேடிப் பிடித்து எடுப்பார்கள் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை.

எரிச்சலோடு நாசமான குருத்து ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பினான். சிவப்பு.

ராசாங்கம் எட்டிப் பார்த்தார். "பாத்தியா, இப்ப சொல்லுது பாரு. மருந்தடிக்கணுமாம்."

"நான் ஒம்பது நாளைக்கு முன்னாடியே சொன்னேன் மாமா. புழு முத்திடுச்சு. ஆழத்துல கெடக்கு. இனி மருந்து அதுகிட்டப் போவாது. மாட்டுக்கு அறுத்துப் போட்டுட்டு வேற வெதைங்க."

"கம்ப்யூட்டரே அடிக்கச் சொல்லுது. இவன் வேணாங்குறான்."

அவர் மருந்து டேங்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மேற்கு வரப்பில் இறங்கிவிட்டார். ரெண்டு ஏக்கரும் போச்சு என்பது பாப்பாயிக்கு மட்டும் உறைத்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு கிழக்கிலிருந்து மாட்டுக்கு அறுக்கத் தொடங்கினாள். மருந்துப் புகை காற்றில் அவள் பக்கமே வந்தது.

வீரமணி காட்டுக்கு நடுவே ஓடினான். "மாமா, நிறுத்துங்க. மருந்து பட்ட தட்டைய மாடு தின்னா செத்துரும். ஒண்ணு அடிங்க, இல்ல அறுங்க."

ராசாங்கம் குழாயை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தார்.

"அப்புடின்னு போன்ல போட்டிருக்கா?"