தோமையாருக்கு இரண்டு திருநாள்

‘ஜூலை 3, தோமையார் திருநாள்’ என்று கேரள நண்பரின் கடிதத்தைப் பார்த்து 1961 டைரியில் குறித்திருந்தேன். “அவர் இந்தியாவுக்கு வந்ததற்குச் சான்று எங்கே?” என்று நான் கேலி செய்ததால், இயேசுவின் சீடரான அந்தத் தோமையாரின் பெயரையே கொண்ட ஆபீஸ் நண்பர் தாமஸ் ஒரு மாதமாக என்னுடன் பேசவில்லை. சமாதானம் செய்ய, அன்று மாலை ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு தென்னூரில் அவர் வீட்டுக்குப் போய் வாழ்த்தினேன்.

அவர் விழித்தார். “ஜூலை 3 கேரளத்துச் சிரியன் சபைக்காரங்களுக்குங்க. எங்க லத்தீன் கோயில்ல டிசம்பர் 21 தாங்க திருநாள்!”

தேதியில் தவறியதே இல்லை என்றிருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் மனைவியோ தூக்கை வாங்கிக்கொண்டே கணவரிடம் சொன்னார்: “தான் உயிர்த்தெழுந்ததைச் சந்தேகப்பட்ட தோமையாரையே ஆண்டவர் சேர்த்துக்கிட்டாரு. நீங்க இவரைச் சேர்த்துக்கக் கூடாதா? பொங்கல் ஆறுதுங்க!”

தாமஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

அதன்பின் இரண்டு தேதிகளிலும் அங்கே எனக்கு இலை உண்டு. சான்று கேட்பதை நான் விடவில்லை, கேலியை விட்டேன். இரண்டில் எந்தத் தேதி பழையது என்பது மட்டும் எனக்கு இன்னும் உறுதியாகவில்லை.