ஏகாம்பரத்துக்குக் கொடுத்த மாத்திரை

ஆபரேஷன் முடிந்த பதினோராம் நாள் காலையில் என் தாடை தானாக அடித்துக்கொண்டது. இரண்டு போர்வை போர்த்தியும் குளிர் நிற்கவில்லை. அடுத்த கட்டிலைப் பார்த்தேன். ஏகாம்பரமும் நடுங்கிக்கொண்டிருந்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஏகாம்பரம் என் சித்தப்பா மகன். பென்னலூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். ஒரே தொழிற்சாலையில் வேலை. அவன் பர்மனென்ட், நான் கான்ட்ராக்ட். தொண்ணூற்றொன்றில் ஷிஃப்ட் வேன் சுங்குவார்சத்திரத்துக்கு அருகே கவிழ்ந்ததில் இருவருக்கும் குடல் கிழிந்தது. மெட்ராஸில் ஒரே வார்டில், கழுத்து ரத்தக்குழாயில் ட்யூப் செருகிப் படுத்திருந்தோம்.

கல்ச்சர் (ரத்தத்தைச் சத்துநீரில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். இருவர் ரத்தத்திலும் ஈஸ்ட் (ஒருவகைப் பூஞ்சைக் கிருமி) இருந்தது. தோலிலும் குடலிலும் சும்மா இருப்பது, ரத்தத்தில் புகுந்தால் உயிரை எடுத்துவிடுமாம்.

இருவருக்கும் மஞ்சள் நிற மருந்தை ட்ரிப்பில் ஏற்றினார்கள். வெளிச்சம் படக்கூடாதென்று பாட்டிலுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றுவார்கள். பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் பதினொன்றரைக்குக் கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம் வரும்.

நான்காம் நாள் ஏகாம்பரத்துக்கு அதை நிறுத்திவிட்டு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அப்போதுதான் புதிதாக வந்திருந்த மருந்து. இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். எனக்கு அதே மஞ்சள் மருந்துதான்.

"அவருக்கு மாத்திரை. உனக்கு மட்டும் இன்னாத்துக்கு இந்தக் கருமம்? கான்ட்ராக்ட்டுன்னா அவ்ளோ எளக்காரமா?" என்றாள் என் மனைவி செல்வி.

நான் ஏற்கெனவே அப்படித்தான் முடிவுகட்டியிருந்தேன். அவன் இட்லியைப் பிட்டு வாயில் போடுவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அவனுக்குக் காய்ச்சல் திரும்ப வரட்டும் என்று சாமியைக்கூட வேண்டினேன்.

மறுநாள் நர்ஸ் பாட்டிலோடு வந்தபோது ட்யூபைக் கையால் மூடிக்கொண்டு, மாத்திரை கொடுத்தால்தான் ஆச்சு என்றேன். அவர் டாக்டரைக் கூப்பிடப் போனதும் ஏகாம்பரம் தன் மாத்திரையை நீட்டினான்.

"இன்னாடா, இதுக்குப் போயா? இந்தா, போட்டுக்க. எனக்குத்தான் ஜுரம் வுட்டுடுச்சே."

நான் கேட்காமலே அவன் கொடுத்ததுதான் இன்னும் உறுத்தியது. ஆனாலும் விழுங்கினேன். டாக்டர் எவ்வளவு சொல்லியும் அன்று ட்ரிப் போட விடவில்லை.

அடுத்த நாள் காய்ச்சல் ஏறி, நான் செல்வியையே யாரென்று கேட்டேனாம். ஏகாம்பரம் பயந்துபோய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். மறுபடியும் மஞ்சள் மருந்தை ஏற்றி என்னை மீட்க மூன்று நாள் ஆனது.

கண் தெளிந்தபோது, ஆய்வகத்து டாக்டரம்மா மூடிய இரண்டு கண்ணாடித் தட்டுகளோடு நின்றிருந்தார்.

"ரெண்டுலயும் அந்த மாத்திரை மருந்தைக் கலந்திருக்கேன். இதுல அவரோட ஈஸ்ட்டைத் தடவினேன். இதுல உங்களுது."

அவனுடைய தட்டு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. என்னுடையதில் வெண்ணெய் நிறத்தில் அடர்த்தியாக வளர்ந்திருந்தது.

"உங்களுது வேற இனம். அந்த மாத்திரையை அது சட்டையே பண்ணாது. மஞ்ச மருந்துக்குத்தான் அடங்கும். அன்னிக்கே இதைச் சொல்லிப் புரியவெச்சிருக்கணும், எங்க தப்புதான்."

ஏகாம்பரம் எட்டிப் பார்த்தான். "உன்னுதுதான்டா சூப்பரா வளந்துகீது," என்றான். சிரித்தால் தையல் வலித்தது. ஆனாலும் சிரித்தேன்.

மறு வாரம் அவன் வீட்டுக்குப் போனான். எனக்கு இன்னும் மூன்று வாரம் அந்த நடுக்கம் இருந்தது. சிறுநீரகம் தாங்குகிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். தாங்கியது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இது வந்தால், பக்கத்துக் கட்டிலைப் பார்க்காதீர்கள். ரிப்போர்ட்டில் ஈஸ்ட் என்று மட்டும் இருந்தால், எந்த இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இப்போதும் பதினொன்றரை ஆனால் என் உடம்பு நடுக்கத்தை எதிர்பார்க்கிறது. வேலையில் இருந்தால் மேசையைப் பிடித்துக்கொள்வேன். கடிகாரம் பார்க்கத் தேவையே இல்லை.

போன மாதம் ஒரு காதுகுத்தில் ஏகாம்பரம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். "நாம ஆஸ்பத்திரில கெடந்தோமே, அது எந்த வருஷம்டா?" என்று கேட்டான். விளையாட்டுக்கு அல்ல, அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை.

அந்த மாத்திரைக்காக அவன்மேல் பட்ட பொறாமை எப்போதோ போய்விட்டது. இந்த மறதிக்காகப் படுவதுதான் போகவில்லை.