கழுவிவிட்ட தயிர் டம்ளர்

திண்டுக்கல் பேருந்து நிலையம் அருகே அப்பாவுக்குப் பால் கடை. வீட்டிலேயே முதல் பட்டதாரியான நான்தான், வயிற்றுக்கு நல்லதென்று புதிதாக வந்த புரோபயாடிக் தயிர்ப் பானத்தை விற்கச் சொன்னேன். ஒருநாள் அதைக் குடித்தவர் வாந்தியெடுத்து மயங்கினார். அவரை ஆட்டோவில் அனுப்பிய கையோடு, பால் கடைப் பழக்கத்தில் மீதியைக் கொட்டி, டம்ளரையும் பாட்டிலையும் வெந்நீரில் கழுவிவிட்டேன்.

"லேபுக்கு எதம்மா அனுப்ப? சுடுதண்ணியவா? மறைக்கத்தான கழுவுன?" என்றார் விசாரிக்க வந்த ஏட்டு.

"அது புள்ளைங்கய்யா. என்னையக் கூட்டிட்டுப் போங்க" என்று அப்பா சட்டையை மாட்டினார்.

நல்லவேளை, அதே தேதியிட்ட பாட்டில் ஒன்று திறக்காமல் ஃபிரிட்ஜில் இருந்தது. சீல் வைத்து, ஐஸ் பெட்டியில் ஆய்வுக்கு அனுப்பினார்கள். தயிரில் குறையில்லை என்று முடிவு வந்தது. பிழைத்து வந்தவருக்குச் சர்க்கரை இறங்கியதால்தான் அந்த மயக்கமாம். அன்றுதான் அப்பா வயிறாரச் சாப்பிட்டார்.

இப்போது ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பாட்டிலை எடுத்துத் தனியே வைக்கிறேன். யார் கேட்டாலும் தருவதில்லை, அப்பா கேட்டாலும்.