அறுபத்தெட்டு அடி

“செவ்வாய், காலையில் மழை. மரம் 68 அடி, அங்கிருந்து நம் வாசல் 60” என்று ரோஸ்மேரி அக்கா பென்சிலில் எழுதிய கணக்கு நோட்டு இன்று அகப்பட்டது, ஆண்டு இல்லை, ரப்பர் பாலின் புளித்த நாற்றம் மட்டும் இருக்கிறது.

மலேசியாவின் கோல சிலாங்கூர் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு எதிரே அடி உளுத்து நின்ற அந்த மரத்தை, காற்று வீசினாலே அம்மா எங்களை வெளியே இழுத்துக்கொண்டு ஓடிய மரத்தை, அக்கா ஏறாமலே அளந்தாள். நான்கடிக் கம்பின் உச்சியில் மூலைமட்டத்தை வைத்து, அதன் ஒரு கை மரத்தின் அடியையும் மறு கை நுனியையும் காட்டும்வரை பின்னால் நகர்ந்தாள். அப்போது கம்பிலிருந்து மரம் பதினாறு அடி தள்ளியிருந்தது. செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்கு வரும் செங்குத்தின் வர்க்கம், கர்ணத்தின் இரு துண்டுகளின் பெருக்கலுக்குச் சமம்: பதினாறின் வர்க்கத்தை நான்கால் வகுத்து, கம்பின் நான்கைக் கூட்டினாள்.

“பேப்பர்ல வளந்த மரம்லா இது!” என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி சிரித்தார்.

“எட்டடி வீட்டுக்குள்ள விழும்யா, புள்ளைங்களப் பாருங்கய்யா” என்று அம்மா அவர் காலில் விழுந்தாள்.

எங்களுக்குக் கடைசி லயத்தில் வீடு கிடைத்தது. மறுவாரமே எங்கள் பழைய வாசலில் வேறொரு குழந்தையின் சட்டைகள் காய்ந்தன.

“வாயத் தொறந்தா நம்மளத் திரும்ப அங்கயே அனுப்பிடுவாங்க” என்று அம்மா நோட்டைப் பெட்டிக்கடியில் வைத்தாள்.

இப்போது அங்கே எண்ணெய்க்காக நட்ட செம்பனை. அந்த மரம் வெட்டப்பட்டதா, விழுந்ததா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.